சந்தனம் வைத்த பம்ப்

திருவரங்குளம்
3.10.2025

சகலை உதயசூரியனுக்கு அழகுமலை எழுதிக்கொண்டது.

இங்கே நான், உன் மதினி ராசாத்தி, மகள் கலைமதி மூவரும் சுகம். அங்கே நீயும் என் கொழுந்தியாள் அன்புமொழியும் சுகம்தானே? பதில் எழுதும்போது சுகத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு, மிச்ச இடத்தில் நான் கேட்டதற்குப் பதில் எழுது.

என்னடா இது, இந்தக் காலத்தில் கடுதாசி என்று யோசிப்பாய். ரெண்டு வருஷமாக என் காது சுத்தமாக அடைத்துவிட்டது உனக்குத் தெரியும். மகள் வாங்கித் தந்த மிஷினை மாட்டினால் காதுக்குள் குக்கர் விசில் அடிக்கிறது. ஃபோனில் பேசுகிறவர்கள் ஏர் பிடித்த எஞ்சின் மாதிரி விட்டு விட்டுக் கேட்கிறார்கள். செல்லில் எழுதலாம் என்றால் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. அதனால் போஸ்ட் ஆபீஸில் பத்து இன்லேண்ட் லெட்டர் வாங்கி வைத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை ஆயுத பூஜைக்கு என் லோடு வண்டியை, அதான் பதினேழை, கழுவி நிறுத்தினோம். ஊரெல்லாம் பானெட்டுக்கும் டயருக்கும் பொட்டு வைக்கும். நம் ரெண்டு வீட்டில் மட்டும்தான் பானெட்டைத் தூக்கி டீசல் பம்புக்குச் சந்தனம் வைக்கிற வழக்கம். பழைய சந்தனத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே வைத்து வைத்து, இருபத்தேழு வருஷத்தில் கெட்டியாக ஒரு விரல் கனம் ஏறிவிட்டதே, அதன் மேல்தான் இந்த வருஷமும் வைத்தேன். ஒட்டவில்லை. வைக்க வைக்க வழுக்கி விழுந்தது. துடைத்துப் பார்த்தால் பம்ப் உடம்பில் மயிர் மாதிரி ஒரு விரிசல், அதில் டீசல் கசிகிறது.

புதுக்கோட்டையில் பம்ப் வேலை பார்க்கிற சிவபிரகாஷிடம் கழற்றிக்கொண்டு போனேன். டேங்க்கைக் கழுவி, ஓஸ் மாற்றி, நாசில் நாலும் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். பம்பை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டான். கலைமதி அவன் சொன்னதை எனக்குப் பேப்பரில் எழுதிக் காட்டினாள்: “மாமா, இதை ஒட்டவச்சா நிக்காது. இந்த மாடலை நிறுத்தி எத்தனையோ வருசம் ஆச்சு. இதே மாதிரி வண்டியில இருந்து பம்பைக் கழட்டுனாத்தான் உண்டு.”

இதே மாதிரி வண்டி யாரிடம் இருக்கிறது? தொண்ணூற்றெட்டில் ஒரே நாளில், அடுத்தடுத்த நம்பரில் நாம் எடுத்தது. எனக்குப் பதினேழு, உனக்குப் பதினெட்டு. உன் பதினெட்டு ஓடாமல் தென்னந்தோப்பு ஷெட்டில் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது என்று நீயே சொன்னாய். அதன் பம்பைக் கழற்றிக் கொடு. பிப்ரவரி இருபதுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியை ஓட்டி எஃப்.சி. காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பதினேழு இரும்புக்கடைக்குத்தான். அதைக் கலைமதிக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் நாற்றுப்பண்ணை போட்டு, கன்றுகளைக் கொண்டுபோக வாடகை வண்டிக்குக் காத்துக் கிடக்கிறாள். வேறு வண்டி வாங்கலாம் என்றாலும், “எனக்குப் பதினேழுதாம்ப்பா வேணும்” என்கிறாள்.

பத்திரமாகக் கழற்று. சந்தனத்தை உதிர்த்துவிடாதே.

அழகுமலை

பி.கு: வண்டி எடுத்த அன்றைக்குக் கோயில் வாசலில் நாம் போட்ட பந்தயம் நினைவிருக்கிறதா? எவன் முதலில் வண்டியை விற்கிறானோ அவன் மீசையை எடுக்க வேண்டும். பம்பை மட்டும் கொடுத்தால் விற்றதாகாது. உன் மீசைக்கு ஆபத்தில்லை.

*

குன்றாண்டார்கோவில்
14.10.2025

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய சகலை அண்ணன் அவர்களுக்கு, தங்கள் தம்பி உதயசூரியன் பணிவான வணக்கத்துடன் எழுதும் மடல்.

ஆண்டவன் அருளாலும் மதினியின் கைச் சாப்பாட்டாலும் தாங்கள் திடமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அன்புமொழிக்கு முழங்கால் வலி முன்பைவிடத் தேவலாம். எனக்குச் சர்க்கரை நூற்று நாற்பதில் நிற்கிறது. பசு சினையாக இருக்கிறது. மழை ரெண்டு தடவை நன்றாகப் பெய்தது. கண்மாயில் பாதித் தண்ணீர் இருக்கிறது.

தங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத இந்தத் தாள் போதாது. கலைமதிக்கு வண்டியைக் கொடுக்கும் தங்கள் எண்ணத்தை நினைத்து நினைத்துப் பூரிக்கிறேன்.

பம்பைப் பொறுத்தவரை, கொடுப்பதற்கு நான் யார், அது தங்கள் பம்ப். ஆனால் ஒரு சின்ன இடைஞ்சல். பதினெட்டுக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. கிட்டே போனால் பல்லைக் காட்டுகிறது. குட்டிகள் கண் திறந்து நடக்கும்வரை பொறுத்தருள வேண்டும்.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

என்றும் தங்கள்,
உதயசூரியன்

*

திருவரங்குளம்
17.10.2025

சகலைக்கு,

சுகத்தை ஒரு வரியில் எழுது என்றால் பசு வரைக்கும் போய்விட்டாய். போகட்டும். நாங்கள் சுகம்.

நாய் விஷயம் சரி. குட்டி போட்ட தாயை விரட்டினால் பாவம். நான் பொறுக்கிறேன். எத்தனை குட்டி? கலைமதியிடம் சொன்னேன், குதித்துவிட்டாள். பண்ணையில் மயில் வந்து நாற்றைக் கொத்துகிறது, ஒரு நாய் வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். செவலைக் குட்டியாக ஒன்று அவளுக்கு எடுத்து வை. பம்போடு சேர்த்து வாங்கிக்கொள்கிறோம்.

நீ எழுதியதை ராசாத்திக்குப் படித்துக் காட்டினேன். என்னவோ தெரியவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். நாய்க்குட்டி என்றால் அவளுக்கும் ஆசைதான் போலிருக்கிறது.

தீபாவளிக்கு அதிரசம் கொடுத்து விடுகிறேன். சர்க்கரைக்காரன் நீ தொடாதே, கொழுந்தியாளுக்கு.

அழகுமலை

*

குன்றாண்டார்கோவில்
10.11.2025

மதிப்பிற்குரிய சகலை அண்ணன் அவர்களுக்கு,

நலமே நாடும் தம்பியின் வணக்கம். அதிரசம் கிடைத்தது. நான் தொடவில்லை, மூன்றுதான் தின்றேன்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். சொந்த வேலையாகத் திருச்சிக்கும் மதுரைக்கும் அலைய வேண்டியதாகிவிட்டது. நாய்க்குட்டிகள் ஐந்து. செவலை ஒன்று இருக்கிறது, இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கலைமதிக்கென்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தாய் நாய் இப்போது கொஞ்சம் சாந்தமாகிவிட்டது. ஆனால் எனக்குக் கண்வலி வந்துவிட்டது. செக்கச்செவேல் என்று இருக்கிறது. நட்டு எது, போல்ட்டு எது என்று தெரியவில்லை. இது ஒட்டுவாரொட்டி என்பதால் தாங்கள் இந்தப் பக்கம் வந்துவிட வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பம்பின் உடம்பில் நம்பர் தகடு இருக்குமே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பணிவுடன்,
உதயசூரியன்

*

திருவரங்குளம்
15.11.2025

உதயசூரியனுக்கு,

நாங்கள் சுகம். உன் கண் சுகமா என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

நம்பர் தகடு எனக்கு எப்படித் தெரியும்? இருபத்தேழு வருஷமாகச் சந்தனத்துக்கு அடியில் அல்லவா கிடக்கிறது? உன்னுடையதும் அப்படித்தானே? உன் வீட்டிலேயே அதே பம்ப் இருக்கும்போது என் பம்பின் நம்பர் உனக்கு எதற்கு?

முதலில் நாய், பிறகு கண். அடுத்தது என்ன, பசுவா? சகலை, எனக்குக் காதுதான் போனது, கை போகவில்லை. காது போனதிலிருந்து நான் யார் வீட்டுக்கும் போவதில்லை. நாலு பேர் உட்கார்ந்து பேசும் இடத்தில் எல்லார் வாயையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார எனக்கு வெறுப்பாக இருக்கிறது. ஆனாலும் கலைமதிக்காக வருகிறேன். இருபத்துமூன்றாம் தேதி ஞாயிறு ஸ்பானர் பையோடு முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். பத்து நிமிஷ வேலை. நீ கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் படுத்திரு.

அழகுமலை

*

குன்றாண்டார்கோவில்
18.11.2025

அண்ணன் அவர்களுக்கு,

வர வேண்டாம், வர வேண்டாம், வர வேண்டாம். கண்வலி ஓடிவிட்டது. பம்பைக் கழற்றிவிட்டேன். இன்று மதியப் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். கலைமதியைப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லி அன்புமொழி அவளுக்கு ஃபோன் செய்வாள். சாக்கில் சுற்றி, தங்கள் விருப்பப்படி சந்தனம் உதிராமல் கட்டியிருக்கிறேன்.

அவசரத்தில்,
உதயசூரியன்

*

திருவரங்குளம்
26.11.2025

உதயசூரியனுக்கு,

சாக்கைப் பிரித்தேன். சந்தன வாசம் வீடு தூக்கியது. எனக்குச் சந்தேகம் அப்போதே வந்துவிட்டது. இருபத்தேழு வருஷத்துச் சந்தனம் கருத்து, டீசல் குடித்து, கல்லாக அல்லவா இருக்கும்? இது விரலில் ஈரமாக ஒட்டுகிறது. முந்தாநாள் கடையில் வாங்கிய பாக்கெட் சந்தனம்! துடைத்தால் அடியில் துரு.

அதோடு நிற்கவில்லை. சிவபிரகாஷ் பார்த்துவிட்டு, இது இடப்பக்கம் சுற்றுகிற பம்ப், நம் வண்டிக்கு வலப்பக்கம் சுற்ற வேண்டும், மாட்டவே மாட்டாது என்று சொல்லிவிட்டான். திருச்சிக்கும் மதுரைக்கும் உனக்கு என்ன வேலை என்று இப்போதுதான் புரிகிறது. உன் பதினெட்டில் கை வைக்க மனசு வராமல், பழைய இரும்புக் கடையில் எதையோ பொறுக்கி, அதற்குப் பொட்டு வைத்து எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

முடியாது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் கேட்டுக்கொண்டு போயிருப்பேன். நீ உதவமாட்டேன் என்றதில் எனக்கு வருத்தமில்லை. கலைமதி உன் மடியில் வளர்ந்த பிள்ளை. அவளுக்கு ஷெட்டில் கிடக்கிற வண்டியிலிருந்து ஒரு பம்ப் கொடுக்க உனக்கு ஆகவில்லையே, அதுதான் எனக்கு வருத்தம். ராசாத்தி என்னவோ சொல்ல வந்தாள். கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

இனி எழுதாதே.

அழகுமலை

*

திருவரங்குளம்
22.12.2025

உதயசூரியனுக்கு,

எழுதாதே என்று சொன்னால் எழுதாமலேயே இருந்துவிடுவாயா? நல்ல ஆளய்யா நீ!

ஒரு மாதமாகப் போஸ்ட்மேன் வருகிற நேரத்துக்கு வாசலுக்கும் பண்ணைக்கும் நடக்கிறேன். ராசாத்தி பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள். பம்ப் கிடக்கட்டும். உன் சர்க்கரை எவ்வளவு? பசு கன்று போட்டுவிட்டதா? அதையாவது எழுது. பக்கம் பக்கமாக எழுது, நான் திட்டமாட்டேன்.

பிப்ரவரி இருபதுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கலைமதி ஒன்றும் கேட்பதில்லை. தினமும் பதினேழைத் துடைத்துவிட்டுப் போகிறாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அழகுமலை

*

குன்றாண்டார்கோவில்
5.1.2026

அண்ணனுக்கு,

நாங்கள் நலம். பசுங்கன்று, கிடாரி.

இந்தச் சாக்கில் இருப்பது பதினெட்டின் பம்ப். என் அப்பன் மேல் ஆணையாக அதுதான். சந்தனத்தைப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள், முகர்ந்து வேண்டுமானாலும் பாருங்கள். இல்லை, முகர வேண்டாம். சிவபிரகாஷிடம் கொடுத்து உடனே மாட்டச் சொல்லுங்கள்.

வேறு ஒன்றும் கேட்காதீர்கள்.

உதயசூரியன்

*

திருவரங்குளம்
9.1.2026

அன்புச் சகலைக்கு,

எல்லோரும் சுகம். கன்றுக்குட்டிக்கு என் ஆசீர்வாதம். பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள்கொத்தும் கொடுத்து விடுகிறேன்.

பம்ப் வந்தது. அதேதான். சந்தனம் கருங்கல் மாதிரி இருக்கிறது. முதல் வருஷம் அன்புமொழி அவசரத்தில் குங்குமத்துக்குப் பதில் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து ஒரு பொட்டு வைத்தாளே, அது இருக்கிற அடுக்கு வரைக்கும் ஓரத்தில் தெரிகிறது. சிவபிரகாஷ் மிஷினில் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கலைமதி அங்கேயே, அந்த எண்ணெய்த் தரையிலேயே ஒரு ஆட்டம் போட்டாள். நான் உன்னைக் கருமி என்று நினைத்தேன். தப்பு. என் தலைக்கு ஒரு குட்டு எடுத்து வை, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் சகலை, ஒரு சின்னச் சந்தேகம். சந்தனத்தின் மேலடுக்கில் வெள்ளையாக ஏதோ மினுங்கியது. நகத்தால் நோண்டி எடுத்துக் கலைமதியின் கையில் வைத்தேன். மீன் செதில். ஒன்றல்ல, மூன்று. போல்ட் ஓட்டைக்குள் உப்பு பூத்துக் கிடக்கிறது. முகர வேண்டாம் என்றாய், முகர்ந்தேன். நெத்திலி.

குன்றாண்டார்கோவில் தென்னந்தோப்பில், தார்ப்பாய்க்குள், நாய்க்குக் காவலாக நின்ற வண்டியின் பம்பில் கடல் மீனின் செதில் எப்படி வந்தது?

உண்மையை எழுது. மீசையைப் பற்றி நான் பேசமாட்டேன்.

உன் அண்ணன்,
அழகுமலை

*

குன்றாண்டார்கோவில்
18.1.2026

அண்ணனுக்கு,

தங்கள், தாங்கள் எல்லாம் போட்டு எழுத இன்றைக்குத் தைரியம் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். ஷெட்டில் பதினெட்டு இல்லை. இரண்டரை வருஷமாக இல்லை. நான் விற்றுவிட்டேன்.

அந்த ஆடி மாதம் அன்புமொழியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு உரமூட்டை ஏற்றி வந்தேன். கண்ணில் புரை விழுந்திருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. கிணற்றுச் சுவரை வேலி நிழல் என்று நினைத்துவிட்டேன். முன் சக்கரம் சுவரில் ஏறி நின்றது. ஒரு சாண் தாண்டியிருந்தால் ரெண்டு பேரும் உள்ளே. அவள் என்னைத் திட்டவில்லை அண்ணே. இறங்கி மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அந்த வாரமே வண்டியை விற்றேன். பிறகுதான் கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது எறும்பு போவது தெரிகிறது, ஓட்டத்தான் வண்டி இல்லை.

மீசைக்குப் பயந்து மறைக்கவில்லை. அதே நேரத்தில்தான் உங்களுக்குக் காது போனது. வீட்டைவிட்டு வெளியே வராமல் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று மதினி அழுதார்கள். எப்போதாவது பார்த்தால், “நம்ம வண்டி ரெண்டும்” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பீர்கள். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

உங்கள் முதல் கடிதம் வந்தது. நாயை அவிழ்த்துவிட்டேன், கண்வலியை வரவழைத்தேன், திருச்சி மதுரை இரும்புக்கடை எல்லாம் ஏறி இறங்கினேன். அந்தப் பாக்கெட் சந்தனம் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், அன்புமொழி சொன்னதே போதும். “இனி எழுதாதே” என்று நீங்கள் எழுதியதும் சோறு இறங்கவில்லை. வண்டியை வாங்கிய வியாபாரியைத் தேடிப் பிடித்தேன். எஞ்சினைக் கட்டுமாவடியில் ஒரு படகுக்குக் கொடுத்ததாகச் சொன்னான். பஸ் ஏறிப் போனேன்.

படகுக்காரர் பெயர் சவரியப்பன். நம் பதினெட்டின் எஞ்சின் இரண்டு வருஷம் கடலுக்குப் போய் வந்திருக்கிறது, அண்ணே! தீபாவளிக்குத்தான் அவர் புது எஞ்சின் போட்டு, இதைக் கரையில் கீற்றுப் பந்தலுக்கு அடியில் இறக்கி வைத்திருந்தார். பம்ப் அப்படியே இருந்தது. சந்தனத்தை ஏன் சுரண்டவில்லை என்று கேட்டேன். “யாரோ கும்புட்ட சாமானுங்க. அதுல கை வைக்க மனசு வரல. இந்த ரெண்டு வருசத்துல ஒருநாளும் நடுக்கடல்ல நின்னதில்லங்க” என்றார்.

கலைமதிக்கு என்று சொன்னதும் அவரே ஸ்பானரை எடுத்துவிட்டார். பதிலுக்கு என்ன வேண்டும் என்றேன். “இங்கிட்டு வலை பின்ன ஒக்காந்தா நெழலே இல்லங்க. அந்தப் புள்ளைகிட்ட மரக்கன்னு இருந்தா நாலு கொடுங்க” என்றார்.

இன்னொன்று. எஞ்சின் கிடந்த பந்தலுக்குள் குனிந்தால் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு நாய். அதற்கு அடியில் ஐந்து குட்டிகள். அதில் ஒன்று செவலை! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் எழுதியது பொய்யில்லை, தேதியும் இடமும்தான் மாறிவிட்டன. செவலை இப்போது என் காலடியில் படுத்துச் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது. பம்பு வந்த சாக்கிலேயே போட்டு அனுப்பியிருப்பேன், பால்குடி மறக்கட்டும் என்று பொங்கலுக்கு முதல் நாள்தான் போய் எடுத்து வந்தேன்.

நீங்கள் பேசமாட்டேன் என்றீர்கள். ஆனாலும் பந்தயம் பந்தயம்தான். பொங்கலன்று காலையில் மீசையை எடுத்துவிட்டேன். கன்றுக்குட்டிகூட என்னைப் பார்த்து மிரள்கிறது. அன்புமொழிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் வீட்டைவிட்டு வெளியே போய் நாலு நாளாகிறது.

மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி,
உதயசூரியன்

*

திருவரங்குளம்
17.2.2026

என் தம்பி உதயசூரியனுக்கு,

எல்லாரும் சுகம். ரொம்ப, ரொம்பச் சுகம். நீ கேட்ட ஒரு வரி: உன்னை மன்னிக்க என்ன இருக்கிறது, மடப்பயலே. கொழுந்தியாள் நல்லபடியாக இருக்கிறாளே, அது போதும். வண்டி என்ன வண்டி.

ஒரு மாதம் உன்னைக் காக்க வைத்ததற்குக் காரணம் உண்டு. நல்ல செய்தி முழுசாகச் சேரட்டும் என்று இருந்தேன்.

பம்பை மாட்டி, டைமிங் வைத்து, ஏர் எடுத்து முடிக்கச் சிவபிரகாஷுக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. கலைமதி சாவியைத் திருப்பினாள். எனக்கு என்ன கேட்கும்? பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒரு உதறல். நின்றுவிட்டது. மறுபடி ஒரு உதறல். அப்புறம் கைக்குள் குறுகுறுவென்று ஏறியது பார், முழங்கை வரைக்கும்! மூன்று மாதம் செத்துக் கிடந்தது, உன் பதினெட்டின் பம்ப் போட்டதும் எழுந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிவபிரகாஷ் புகை என்று நினைத்துக்கொண்டு என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான்.

எஃப்.சி. வெள்ளிக்கிழமை முடிந்தது. பிரேக் பார்த்தார்கள், லைட் பார்த்தார்கள், புகை பார்த்தார்கள். ஒரு குறை இல்லை. பம்பில் இருக்கிற சந்தனத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆபீசர் செருப்பைக் கழற்றப் போனார் என்று கலைமதி சொல்கிறாள். அவள் கூட்டித்தான் சொல்வாள்.

இப்போது ஒரு கூத்தைக் கேள். உன் கடிதத்தை ராசாத்திக்குப் படித்துக் காட்டினேன். அவள் அதிர்ச்சியாவாள் என்று பார்த்தால், கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியுமாம்! நீ விற்ற அன்றைக்கே தெரியுமாம். அக்காளும் தங்கையும் இரண்டரை வருஷமாக, என் முன்னாலேயே, ஸ்பீக்கரில் போட்டு, சத்தமாக இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். உன் நாய்க் கதையை முதலில் அன்புமொழிதான் ஃபோனில் சொல்லியிருக்கிறாள். முந்தானையை அடைத்துக்கொண்டு ஓடியது அதனால்தான்.

எனக்குக் கோபம் வந்தது. ஏன்டி சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் கலைமதியின் நோட்டை வாங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டி எழுதிக் காட்டினாள்: “காது போனதுல இருந்து சுவத்தப் பாத்து ஒக்காந்திருந்தீங்க. அவருக்குக் கடுதாசி எழுத ஆரம்பிச்சுத்தான் சட்டையப் போட்டு வாசலுக்கு வந்தீங்க. நான் சொல்லியிருந்தா கடுதாசி நின்னு போயிருக்கும்ல.”

அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நீ சொன்ன பொய்க்கெல்லாம் நான்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது. ரொம்ப ஆடாதே.

நேற்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் கலைமதி பேருக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டேன். படிவத்தில் மகளுக்குக் கொடுப்பவர் என்று இடமே இல்லை. விற்பவர் என்றுதான் இருக்கிறது. அதற்கு நேராக அழகுமலை என்று எழுதினேன். எழுதிவிட்டு ஒரு நிமிஷம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உன்னை நினைத்தேன். நேராகப் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சலூனுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். கலைமதி ஓட்டுகிறாள். முன்னால் நீயும் நானும். பின்னால் தொட்டியில் இருபது கன்று ஏற்றுகிறோம், தென்னை, பூவரசு, புங்கன், எல்லாம் சவரியப்பனுக்கு. அதுதான் பதினேழின் முதல் லோடு. அக்காளும் தங்கையும் உன் வீட்டில் உட்கார்ந்து எங்களைப் பற்றிச் சத்தமாகவே பேசிக்கொள்ளட்டும். நாம் கடலைப் பார்த்துவிட்டு வருவோம். எனக்கு அந்த மனுஷனைப் பார்க்க வேண்டும். அவர் பேசுவது கேட்காவிட்டால் என்ன, நீ எழுதிக் காட்டு. செவலையை மடியில் வைத்துக்கொள்.

காலை ஒன்பது மணிக்கு உன் வாசலில் ஹாரன் அடிக்கும். எனக்குக் கேட்காது, நீ கேட்டதும் வெளியே வா. மீசை இல்லாத கிழவன் ஒருவன் வண்டியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான். யாரோ என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடாதே.

உன் சகலை,
அழகுமலை